பலூன் விழுந்ததுக்கு அப்புறம்

வாசகர் கேள்வி – பதில்

இந்த வாரம் முதல் கடிதம் டெக்சாஸ்ல இருந்து வந்தது, நீளமா இருக்கு, ஆனா வெட்ட மனசு வரல, அப்படியே போடறேன். மத்ததெல்லாம் அதே விஷயத்தைச் சுத்தி அப்பப்போ வந்த கேள்விங்க, சேத்து வெச்சிருந்தேன், இதுதான் சாக்குன்னு எடுத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, நான் இங்க வந்து 19 வருஷம் ஆச்சு, சிட்டிசன் ஆகி ஆறு வருஷம். அரசியல்னாலே சேனலை மாத்திடுவேன். 2024 ஆகஸ்ட்ல என் பொண்ணு (அப்ப அவளுக்கு 15) புடிச்சு உக்கார வெச்சதால டெமாக்ரடிக் கட்சியோட நேஷனல் கன்வென்ஷனை (ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கற தேசிய மாநாடு) நாலு நாளும் ஒண்ணு விடாம பாத்தேன். கமலா ஹாரிஸ் அவங்க அம்மாவைப் பத்தி பேசினப்போ ரெண்டு பேரும் அழுதுட்டோம். அடுத்த நாளே வாலண்டியரா பேர் குடுத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை பென்சில்வேனியாவுக்கு போன் பண்ணி ஓட்டு கேட்டேன், பாதி பேர் என் ஆக்சென்ட்டைக் கேட்டதுமே வெச்சுடுவாங்க, சரி போன்னு அடுத்த நம்பர் போடுவேன். நவம்பர்ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரர் இன்னிக்கும் "அதெல்லாம் ஷோடி, நல்லா ஏமாந்த"ன்னு ஓட்டறார். நான் ஏமாந்துட்டேனா அண்ணா? அந்த நாலு நாள் வந்த உணர்ச்சி பொய்யா?
— ஒரு வாசகி, டெக்சாஸ்

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றதுல பாதி சரிம்மா, அதை முதல்ல ஒத்துக்கிட்டு மீதிப் பாதிக்கு வரேன்.

நானும் பாத்தேன். உங்களுக்கு 22ஆம் தேதி ராத்திரி, எனக்கு 23 வெள்ளிக்கிழமை காலைல எட்டு மணி, இட்லிப் பானையை அடுப்புல ஏத்திட்டு ரெண்டு நிமிஷம் பாக்கலாம்னு உக்காந்தேன், பானைல தண்ணி வத்தி அடி புடிச்ச வாசனை வந்தப்புறம் தான் எழுந்தேன். அதனால உங்களைக் கிண்டல் பண்ற யோக்கியதை எனக்கு கிடையாது.

ஷோ தான், சந்தேகமே வேண்டாம். சிகாகோ யுனைடெட் சென்டர்ல ஆகஸ்ட் 19ல இருந்து 22 வரைக்கும் நடந்ததுல பெரிய முடிவு எதுவும் அங்க எடுத்தது இல்ல. வேட்பாளர் யாருன்னு, ஸ்டேட் ஸ்டேட்டா தேர்ந்தெடுத்து அனுப்பின பிரதிநிதிங்க ஆகஸ்ட் முதல் வாரத்துலயே ஆன்லைன்ல ஓட்டு போட்டு முடிச்சுட்டாங்க. அப்பறம் 20ஆம் தேதி ஹால்ல ஸ்டேட் ஸ்டேட்டா எழுந்து "எங்க ஓட்டு கமலாவுக்கு"ன்னு சொன்னது, ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் டிஜே ஒரு பாட்டு போட்டது, ஜார்ஜியா முறை வந்தப்போ ராப் பாடகர் லில் ஜான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு படில இறங்கி வந்தது, எல்லாமே நிச்சயதார்த்தம் முடிஞ்சப்புறம் நடக்கற பொண்ணு பாக்கற சடங்கு மாதிரி தான். பைடன் ஊருங்கறதால டெலவேர் முதல்ல, துணை ஜனாதிபதி வேட்பாளர் டிம் வால்ஸ் ஊரு மினசோட்டாவும் கமலா ஊரு கலிபோர்னியாவும் கடைசில, இப்படி யார் எப்ப கைதட்டணும்ங்கற வரைக்கும் யோசிச்சு வெச்சது. ஆனா ஷோன்னா பொய்யா? கூத்துல கர்ணன் விடியறதுக்குள்ள சாவான்னு தெரியாத ஆள் நம்ம ஊர்ல உண்டா, ஆனாலும் விடிகாலைல அவன் விழும்போது முன் வரிசைல உக்காந்திருக்கற கிழவி முந்தானையைத் தான் தேடுது. அந்தக் கிழவியை ஏமாந்தவன்னு யாரும் சொல்றதில்ல.

உங்களை எது உடைச்சதுன்னு எனக்கு ஒரு ஊகம். கமலாவோட அம்மா சியாமளா கோபாலன் 19 வயசுல தனியா பெர்க்லிக்குப் போனது, மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து கண்டுபுடிக்கணும்ங்கற கனவு, இதெல்லாம் ஏற்கனவே பேப்பர்ல படிச்ச கதை தான். அன்னிக்கு புதுசா வந்து விழுந்தது இன்னொரு வரி. எங்கம்மா கெட்டிக்காரி, அஞ்சடி உயரம், பழுப்பு நிறம், ஆக்சென்ட்டோட பேசற பொம்பள, உலகம் அவங்களை சில சமயம் எப்படி நடத்துச்சுன்னு மூத்த பொண்ணா நான் பாத்திருக்கேன்னு சொன்னாங்களே, அது. பேங்க்ல, இன்சூரன்ஸ்காரன் கிட்ட போன்ல, ஸ்கூல்ல டீச்சர் முன்னாடி, நீங்க ஒரு தடவை சொன்னதை மறுபடி மெதுவா சொல்லும்போது பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தது உங்க பொண்ணு. அதனால தான் ரெண்டு பேரும் சேந்து அழுதிருக்கீங்க, நீங்க அந்த அம்மாவா, அவ அந்தப் பொண்ணா. எவ்ளோ பெரிய ஸ்கிரிப்ட் ரைட்டர் எழுதிக் குடுத்திருந்தாலும் உங்க வீட்டு சோபால நடந்தது உங்களோடது தானே.

அதுக்கு அப்பறம் நீங்க அதே ஆக்சென்ட்டை எடுத்துக்கிட்டு போன் போட்டிருக்கீங்க பாருங்க, வெச்சுட்டாங்கன்னு அடுத்த நம்பர் போட்டிருக்கீங்க. எனக்கு கமலா பேச்சை விட இது பெருசு, முகஸ்துதிக்கு சொல்லல.

சரி, வீட்டுக்காரர் சொல்றது எங்க சரின்னா, நீங்க அந்த உணர்ச்சியை ஜோசியமா எடுத்துட்டீங்க. ஹால்ல இவ்ளோ அழுகை, இவ்ளோ ஆட்டம், அப்ப ஜெயிச்சுடுவோம்னு. கன்வென்ஷனை அப்படி பாக்கவே கூடாது, பாத்தவன் எல்லாம் தோத்திருக்கான். 1984ல சான்பிரான்சிஸ்கோல நியூயார்க் கவர்னர் மரியோ குவோமோ பேசினதையும் ஜெஸ்ஸி ஜாக்சன் பேசினதையும் இன்னிக்கும் மாணவர்களுக்கு பாடமா போட்டுக் காட்டறாங்க, நவம்பர்ல அந்தக் கட்சி வேட்பாளர் வால்டர் மாண்டேலுக்கு கிடைச்சது அவர் சொந்த ஊர் மினசோட்டாவும் தலைநகர் வாஷிங்டனும் மட்டும், மீதி 49 ஸ்டேட் ரீகனுக்கு. 1988ல டெமாக்ரட் வேட்பாளர் டுகாகிஸ் அட்லாண்டா கன்வென்ஷன் முடிச்சு இறங்கும்போது கருத்துக்கணிப்புல 17 பாயின்ட் முன்னாடி, கடைசில 40 ஸ்டேட்டை பெரிய புஷ் கிட்ட விட்டார். 2016ல பிலடெல்பியால, ஈராக்ல செத்த மகனைப் பத்தி கிஸர் கான் பேசிட்டு கோட்டுப் பாக்கெட்ல இருந்து குட்டியா அரசியல் சாசனப் புத்தகத்தை எடுத்துக் காட்டினப்போ எனக்கு புல்லரிச்சுது, ஹிலாரி தோத்தாங்க. 2024லயும் அதே கதை, ஸ்டேட் வாரியா எண்ணற எலக்டோரல் ஓட்டுல 312க்கு 226, எந்தப் பக்கமும் சாயலாம்னு இருந்த போட்டி ஸ்டேட் ஏழுமே போச்சு.

காரணம் ரொம்ப சாதாரணம். அந்த ஹால்ல இருக்கற நாலாயிரத்துச் சொச்சம் பிரதிநிதிங்க எல்லாருமே ஏற்கனவே அந்தக் கட்சிக்கு தாலி கட்டினவங்க. வெளில ட்ரம்ப்புக்கு 7 கோடியே 73 லட்சம் பேர் குத்தினாங்க, கமலாவுக்கு 7 கோடியே 50 லட்சம் பேர். வீட்டுல நாலு நாள் பாத்தவங்களும் முக்காவாசி உங்களை மாதிரி ஏற்கனவே அந்தப் பக்கம் சாஞ்சவங்க. அரிசி விலை, வாடகை, எல்லை இதெல்லாம் மனசுல ஓடிக்கிட்டிருந்தவன் அந்நேரம் பேஸ்பால் பாத்துக்கிட்டிருந்திருப்பான்.

அப்ப எதுக்குத்தான் அந்த உணர்ச்சி? ஒரு ஆள் கதை சொல்றேன். 2000ல லாஸ் ஏஞ்சலஸ்ல கன்வென்ஷன். சிகாகோல இருந்து ஒரு குட்டி ஸ்டேட் செனட்டர், அந்த வருஷம் மார்ச்ல தான் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சீட்டுக்கு உள்கட்சித் தேர்தல்ல நின்னு செம அடி வாங்கி தோத்தவர், பிரண்டு சொன்னாங்கன்னு கிளம்பிப் போறார். ஏர்போர்ட்ல வாடகை கார் எடுக்கப் போனா கிரெடிட் கார்டு வேலை செய்யல. ஒரு வழியா ஊருக்குள்ள போனா ஹாலுக்குள்ள விட பாஸ் கிடைக்கல, வெளில டிவில கொஞ்ச நேரம் பாத்துட்டு முடியறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு திரும்பிட்டார். நாலு வருஷம் கழிச்சு 2004 ஜூலை 27, பாஸ்டன்ல, அதே ஆளை மேடைல ஏத்தறாங்க, ஏபிசி, என்பிசி, சிபிஎஸ் மூணு பெரிய சேனலும் அந்த ராத்திரி கன்வென்ஷனை லைவா காட்டவே இல்ல, பதினேழு நிமிஷம் பேசினார். பராக் ஒபாமா. கட்சி அந்த வருஷமும் தோத்துச்சு, ஜான் கெர்ரியால ஜெயிக்க முடியல. அந்த கன்வென்ஷன் வேஸ்ட்டுன்னு 2004 நவம்பர்ல உங்க வீட்டுக்காரர் சொல்லியிருந்தா நானும் தலையாட்டியிருப்பேன், நாலு வருஷம் கழிச்சு தலையைத் தொங்கப் போட்டிருப்பேன்.

அதுக்காக உங்க பொண்ணு பிரசிடென்ட் ஆவான்னு சொல்ல வரல, பயப்படாதீங்க. உங்க ஸ்டேட்ல கவுன்டி கன்வென்ஷன்னு நடக்கும், உங்க ஊர்ப்பக்கத்துக் கட்சிக்காரங்க உக்காந்து பேசறது, அதுக்கு மேல ஸ்டேட், அதுக்கு மேல தான் டிவில நீங்க பாத்த ஹால். அந்த ஹால்ல தொப்பி போட்டுக்கிட்டு கத்தினவங்கள்ல நிறைய பேர் ஸ்கூல் டீச்சர், நர்ஸ், யூனியன்காரர், ரிட்டயர்டு கேஸு தான். பென்சில்வேனியாவுக்கு போன் போட்ட ஆளுக்கு சொந்தக் கவுன்டிக் கூட்டம் போற தூரம் தான். வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, டிரைவரா.

கேள்வி: வேட்பாளர் யாருன்னு முன்னாடியே தெரியும்னா எதுக்கு சார் நாலு நாள் மாநாடு? சும்மா ஒரு அறிக்கை விட்டா போதாதா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: ஒரு காலத்துல அங்க போய் தான் தம்பி முடிவே பண்ணாங்க. 1831ல பால்டிமோர்ல மேசன்ங்கற ரகசிய சங்கத்தை எதிர்க்க ஆரம்பிச்ச மேசன் எதிர்ப்புக் கட்சின்னு ஒரு சின்ன கட்சி தான் முதல் முதல்ல நாடு பூராவும் இருந்து ஆளைக் கூட்டி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்துச்சு, அடுத்த வருஷமே டெமாக்ரட்டுங்க அதே ஊர்ல அதே மாதிரி கூட்டினாங்க. அப்பல்லாம் சுருட்டுப் புகை நிறைஞ்ச ரூம்ல பேரம், விடிய விடிய ஓட்டு. உச்சகட்டம் 1924, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும்னு விதி, ரெண்டு பேர் முட்டிக்கிட்டு நிக்கறாங்க, கூ க்ளக்ஸ் க்ளான்ங்கற வெள்ளை இனவெறிக் கும்பலை பேர் சொல்லி கண்டிக்கலாமா வேண்டாமான்னு வேற அடிதடி, பதினாறு நாள் ஓடுச்சு, 103 தடவை ஓட்டெடுப்பு. கடைசில களைச்சுப் போய் ஜான் டபிள்யூ டேவிஸ்னு ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத ஆளைப் போட்டாங்க, அவர் ரிபப்ளிகன் கூலிட்ஜ் கிட்ட தோத்தார். அந்த பதினாறு நாளைப் பாத்து எவனுக்காவது உத்வேகம் வந்திருக்கும்ங்கறீங்க? ஊருக்கு போனா போதும்னு இருந்திருக்கும்.

இது மாறினது 1968ல. அதுவும் சிகாகோ தான். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் மறுபடி நிக்கலன்னு மார்ச்லயே சொல்லிட்டார், ராபர்ட் கென்னடியை ஜூன்ல சுட்டுட்டாங்க, துணை ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரி ஒரு பிரைமரில (உள்கட்சித் தேர்தல்) கூட போட்டி போடாம வேட்பாளர் ஆனார். வெளில வியட்நாம் போரை எதிர்த்து வந்த பசங்க மண்டையை போலீஸ் உடைக்குது, உள்ள ஓட்டெடுப்பு, ரெண்டையும் மாத்தி மாத்தி டிவில காட்டறாங்க. ஹம்ப்ரி நிக்சன் கிட்ட தோத்தார். அப்பறம் தான் கட்சி கமிட்டி போட்டு விதியை மாத்துச்சு, பிரைமரில ஜனங்க போடற ஓட்டு தான் கணக்குன்னு ஆச்சு. அன்னில இருந்து கன்வென்ஷனுக்கு முடிவு பண்ற வேலை போச்சு. ஒரு தடவைக்கு மேல ஓட்டெடுக்க வேண்டி வந்தது கடைசியா 1952ல தான். வேலை போன இடத்துல சும்மா உக்கார முடியுமா, அழ வெக்கறது, சிரிக்க வெக்கறது, கொடி ஆட்ட வெக்கறதுன்னு புது வேலை எடுத்துக்கிச்சு. மாநாடு பாக்க அழகா ஆக ஆக, அங்க முடிவாகறது கம்மியாச்சு, நான் பாத்த வரைக்கும் இது ரெண்டும் சேந்தே தான் போகுது.

ஒண்ணு கவனிச்சீங்களா, 2024லயும் சிகாகோ, அப்பவும் ஜனாதிபதி விலகினார், துணை ஜனாதிபதி பிரைமரில ஜெயிக்காமலே வேட்பாளர் ஆனாங்க, தோத்தாங்க. ஹாலுக்குள்ள இருந்த சந்தோஷத்துல இதை யாரும் வெளிப்படையா பேசல, எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள 1968 இடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கேள்வி: எங்களுக்கு பக்கத்து ஊர் தான் கமலா ஹாரிஸோட தாத்தா ஊரு துளசேந்திரபுரம். அமெரிக்க மாநாட்டு மேடைல ஊர் பேரைச் சொன்னாங்களா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: ஊர் பேர் வரல. ஆனா 2020ல, கொரோனாவால மாநாடே டிவிக்குள்ள நடந்தப்போ, டெலவேர்ல ஒரு காலி ஹால்ல நின்னுக்கிட்டு துணை ஜனாதிபதி வேட்பாளரா கமலா பேசினாங்களே, அதுல சொந்தக்காரங்களை வரிசையா சொல்லும்போது "சித்தி"ன்னு தமிழ்லயே சொன்னாங்க. அமெரிக்காக்காரன் எல்லாம் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்னன்னு கூகுள்ல தேடினான். இருநூறு வருஷ மாநாட்டு சரித்திரத்துல நம்ம உறவுமுறை ஒண்ணு ஏறினது அன்னிக்கு தான்னு நெனைக்கறேன், இல்லன்னா திருத்துங்க. மத்தபடி உங்க பக்கத்து ஊர் சாஸ்தா கோயில் கல்லுல 5,000 ரூபாய் குடுத்தவங்க வரிசைல அவங்க பேர் இருக்கே, அது போதாதா.

கேள்வி: எப்பப் பாத்தாலும் டெமாக்ரட் புராணம் தானா? ரிபப்ளிகன் மாநாட்டைப் பாத்து யாருக்கும் உணர்ச்சி வராதோ?
— கோபத்துடன் ஒரு வாசகர், நியூஜெர்சி

பதில்: வரும் சார், வந்துச்சு, கோபப்படாதீங்க. 2024 ஜூலை 13 சனிக்கிழமை பென்சில்வேனியால பட்லர்ங்கற ஊர்ல ட்ரம்ப்பை சுட்டாங்க, திங்கக்கிழமை மில்வாக்கில மாநாடு ஆரம்பம், காதுல வெள்ளைக் கட்டோட அவர் உள்ள நடந்து வந்தப்போ அந்த ஹால்ல அழுதவங்க யாரும் நடிக்கல. பிரதிநிதிங்க சில பேர் தங்க காதுலயும் சும்மாவே வெள்ளைக் கட்டு ஒட்டிக்கிட்டு வந்தாங்க, எனக்கு முதல்ல சிரிப்பு தான் வந்துச்சு, அப்பறம் நம்ம ஊர்ல தலைவருக்கு ஒண்ணுன்னா மொட்டை போடறவங்க ஞாபகம் வந்து சிரிப்பை அடக்கிட்டேன். உஷா வான்ஸ் வந்து துணை ஜனாதிபதி வேட்பாளரான புருஷனை அறிமுகப்படுத்தினதையும் பாத்தேன், ஆந்திராவுல இருந்து போன குடும்பத்துப் பொண்ணு, அலட்டல் இல்லாம பேசினாங்க. ஆனா ட்ரம்ப் பேச்சு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல போச்சு சார், முதல் இருபது நிமிஷம் சுடுபட்ட கதையைச் சொன்னப்போ ஊசி விழுந்தா கேக்கும், அத்தோட நிறுத்தியிருக்கலாம்.

அந்தப் பக்கத்துல என் பேவரிட் 1976, கான்சஸ் சிட்டி. அப்ப ஜனாதிபதியா இருந்த ஜெரால்டு போர்டா, ரீகனான்னு நிஜமாவே தெரியாம போன மாநாடு. 1,187க்கு 1,070, ரீகன் தோத்தார். கடைசி நாள் ராத்திரி ஜெயிச்ச போர்டு, மேல பார்வையாளர் பக்கம் உக்காந்திருந்த ரீகனை கூப்பிட்டு மேடைல ஏத்தறார், அவர் கைல பேப்பர் கூட இல்லாம சில நிமிஷம் பேசினார். தப்பான ஆளுக்கு ஓட்டு போட்டுட்டோமோன்னு ஹால்ல பாதி பேருக்கு வயித்தைக் கலக்கிச்சுன்னு சொல்வாங்க. போர்டு அந்த நவம்பர்ல தோத்தார், ரீகன் 1980ல வந்தார். டெக்சாஸ் தங்கச்சிக்கு சொன்ன அதே கதை தான், கட்சி மட்டும் வேற.

கேள்வி: இத்தனை மாநாட்டுல உங்களை ரொம்ப அசைச்ச பேச்சு எது? ஒபாமான்னு சொல்லிடாதீங்க ப்ளீஸ்.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சி

பதில்: சொல்ல மாட்டேன் டீச்சர். நான் சொல்லப்போற பேச்சு மாநாட்டு மேடைல பேசினதே இல்ல.

பேனி லூ ஹேமர். மிசிசிப்பில அடுத்தவங்க நிலத்துல விளைச்சல்ல பங்கு குடுத்து பருத்தி விளைவிச்ச கறுப்பின குடும்பத்துல இருபதாவது குழந்தை. நம்ம டெல்டாவுல வாரக்குடின்னு சொல்வோமே அந்த பொழைப்பு. 1962 ஆகஸ்ட்ல ஓட்டர் லிஸ்ட்ல பேர் சேக்கப் போனாங்க, அன்னிக்கு சாயந்தரமே பதினெட்டு வருஷம் வேலை செஞ்ச பண்ணைல இருந்து துரத்திட்டாங்க. அடுத்த வருஷம் வினோனான்னு ஒரு ஊர் ஜெயில்ல வெச்சு அடிச்ச அடில வாழ்நாள் பூரா உடம்பு சரியாகல. 1964ல மிசிசிப்பில இருந்து மாநாட்டுக்கு டெமாக்ரடிக் கட்சி அனுப்பினது பூராவும் வெள்ளைக்காரங்க, ஏன்னா கறுப்பினத்தவரை ஓட்டு போடவே விடல. அதனால இவங்க தனியா ஒரு சுதந்திர டெமாக்ரடிக் கட்சி ஆரம்பிச்சு, நாங்க தான் நிஜமான பிரதிநிதின்னு பஸ் ஏறி மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டிக்கு வந்துட்டாங்க.

ஆகஸ்ட் 22. யாரை உள்ள விடறதுன்னு முடிவு பண்ற கமிட்டி முன்னாடி ஒரு டேபிள்ல உக்காந்து, எழுதி வெச்ச பேப்பர் எதுவும் இல்லாம, ஜெயில்ல என்ன நடந்துச்சுன்னு அந்தம்மா சொன்னாங்க. டிவில லைவா போகுது. வெள்ளை மாளிகைல ஜான்சன் பாக்கறார், தெற்கு ஸ்டேட் ஓட்டு போயிடுமேன்னு பயம், உடனே பத்திரிகைக்காரங்களை கூப்பிட்டு ஒண்ணுமில்லாத விஷயத்தைப் பேச ஆரம்பிச்சார், கேமரா எல்லாம் அந்தப் பக்கம் திரும்பட்டும்னு. திரும்புச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி செய்தில சேனல்காரங்க அந்தம்மா பேசினதை எடுத்துப் போட்டாங்க, மத்தியானம் பாத்திருக்கக் கூடியவங்களை விட அதிகமான ஜனம் பாத்துச்சு. கடைசில கட்சி ரெண்டே ரெண்டு சீட்டு தரேன்னுச்சு. இந்த ரெண்டு சீட்டுக்காகவா இவ்ளோ தூரம் வந்தோம்னு கேட்டுட்டு வேணாம்னுட்டாங்க. 1965ல ஓட்டுரிமைச் சட்டம் வந்துச்சு, 1968 சிகாகோல, வெளில மண்டை உடைஞ்ச அதே மாநாட்டுல, ஹேமர் பிரதிநிதியா உள்ள போய் உக்காந்தாங்க, ஹாலே எழுந்து நின்னு கைதட்டுச்சு. தங்களோட சாதனை மாதிரி.

இப்ப தேதியைப் பாருங்க டீச்சர். ஹேமர் பேசினது 1964 ஆகஸ்ட் 22. கமலா வேட்பாளரா ஏத்துக்கிட்டு பேசினது 2024 ஆகஸ்ட் 22. கரெக்டா அறுபது வருஷம். 2020ல சித்தின்னு சொன்ன அதே பேச்சுல ஹேமர் பேரையும் கமலா சொல்லியிருக்காங்க. அதே 2024 மாநாட்டுல தான், பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கர் ஒருத்தருக்கு மேடைல சில நிமிஷம் குடுங்கன்னு கேட்டாங்க, பேச்சை முன்கூட்டியே காட்டறோம்னு கூட சொல்லிப் பாத்தாங்க, கிடைக்கல, கேட்ட பிரதிநிதிங்க ஹாலுக்கு வெளில தரைல உக்காந்துட்டாங்க. காசா முனைல பணயக்கைதியா இருந்த பையனோட அப்பா அம்மாவை பேச விட்டாங்க, அது சரி தான், அந்தத் தாய் பேசினதைப் பாத்து கல்லும் கரைஞ்சிருக்கும். இன்னொரு பக்கத்துத் தாய்க்கும் அஞ்சு நிமிஷம் குடுத்திருந்தா என்ன கொறஞ்சுடும்னு எனக்கு இன்னும் புரியல. நானும் இட்லி கருக கருக ரசிச்சவன் தான், ஆனா அந்த வெளித் தரைல உக்காந்திருந்தவங்க படம் தான் இன்னும் மனசுல நிக்குது.

கேள்வி: இவ்ளோ செலவை யார் பண்றா? அரசாங்கமா?
— கணக்குப் பிள்ளை, ஈரோடு

பதில்: நிக்சன் பதவி போகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்கு அப்பறம், கம்பெனிக்காரன் பணம் வேண்டாம்னு 1976ல இருந்து அரசாங்கப் பணம் குடுத்தாங்க, 2012 வரைக்கும். 2014ல சட்டம் போட்டு நிறுத்தி, அதை குழந்தைங்க நோய் ஆராய்ச்சிக்கு திருப்பி விட்டாங்க, யார் எதிர்ப்பா சொல்ல முடியும் சொல்லுங்க. பாதுகாப்புக்கு மட்டும் இன்னும் அரசாங்கம் தருது, 2024ல சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் ஊருக்கு 7.5 கோடி டாலர். மீதிக்கு அந்தந்த ஊர் கமிட்டி கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கும். ஒரே கம்பெனி ரெண்டு மாநாட்டுக்கும் குடுக்கறதும் உண்டு, யார் ஜெயிச்சாலும் வாசல்ல செருப்பைக் கழட்டி வெக்க இடம் வேணுமே.

கேள்வி: அந்த பலூன் எல்லாம் எப்படி சார் சரியான நேரத்துல விழுது?
— ஏழாம் வகுப்பு, தஞ்சாவூர்

பதில்: கூரைல பெரிய பெரிய வலைல கட்டி வெச்சிருப்பாங்க கண்ணு, பேச்சு முடிஞ்சதும் கயித்தை இழுத்தா அவிழணும். 2024ல ஒரு லட்சம் பலூன். எப்பவும் சரியா விழும்னு இல்ல. 2004ல கெர்ரி பேசி முடிச்சப்புறம் பலூன் கொஞ்சம் கொஞ்சமா தான் வந்துச்சு, நிகழ்ச்சியை நடத்தின டைரக்டர் "பலூன் எங்க, பலூன் எங்க"ன்னு கத்தினது அவர் மைக் வழியா சிஎன்என்ல லைவா போயிடுச்சு, நடுவுல உனக்கு சொல்லக் கூடாத ஒரு வார்த்தையும் சேந்து.

கேள்வி: 2028லயும் பாப்பீங்களா?
— அதே டெக்சாஸ் வாசகியின் மகள் (அம்மா கடிதம் போட்டது எனக்குத் தெரியும்)

பதில்: பாக்காமயா. உனக்கு அப்ப ஓட்டு வந்திருக்கும்ல. ஒரே பிரச்சனை, உங்க ராத்திரி எங்க காலை, சட்னி அரைக்கற நேரம். 2008 டென்வர்ல ஸ்டேடியத்துல எண்பதாயிரம் பேர் முன்னாடி ஒபாமா பேச வந்தப்போ இங்க தமிழ்நாட்டுல கரண்ட் கட் சீசன், நான் டிவி முன்னாடி உக்காந்தேன், அவர் மேடைக்கு நடந்து வந்தார், கரண்ட் போச்சு. மறுநாள் பேப்பர்ல படிச்சேன். நல்லா தான் இருந்துச்சு, அழுகை மட்டும் வரல. இப்ப வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு, இட்லிப் பானைக்கு தான் ஆள் பாத்துக்கிட்டிருக்கேன்.